கம்பீரமாக ஒரு படம்

“ஃப்ளெக்ஸுக்கு நல்லா கம்பீரமா ஒரு படம் குடுங்க மதினி. தெருவுக்குள்ள நொழையிறவன் அப்பா மூஞ்சியப் பாத்து மிரளணும்” என்று பென் டிரைவை நீட்டினான் பிரதாப்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் வெள்ளைச்சாமி கிடந்தார். சிப்காட்டில் ஃபோர்மேனாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு சங்கத்தின் நிரந்தரத் துணைத்தலைவர். தலைவரை அவர் முந்திக்கொண்டது இந்தச் சாவு ஒன்றில்தான்.

மூத்த மருமகள் பொற்கொடி கம்ப்யூட்டரைத் திறந்தாள். மகன் சுபாஷுக்காக வாங்கியது. எட்டு வயது, ஆட்டிசம். எதிரே இருப்பவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடாது. பெங்களூர் சென்டரில் ஒரு சி.டி. கொடுத்து, வீட்டு மனிதர்களையே படமெடுத்துப் போட்டுப் பழக்கச் சொல்லியிருந்தார்கள். முகம் வரும், அவன் அதிலுள்ள உணர்ச்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்துவான், சரியென்றால் கம்ப்யூட்டர் கைதட்டும்.

மாமனாருக்கு இரண்டு படங்கள் இருந்தன. ‘சந்தோஷம்’: பிரதாப்பின் மகன் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிய அன்று எடுத்தது. ‘அருவருப்பு’: சுபாஷ் சட்டையெல்லாம் சோறு சிந்தித் தின்றதைப் பார்த்து, “இத ரூமுக்குள்ள வச்சு ஊட்டு” என்று அவர் சொன்ன அன்று.

பிரதாப் குரலைத் தாழ்த்தினான். “அப்புறம் மதினி, சுபாஷ ரூம்லயே வச்சுப் பூட்டிருங்க. பெரிய பெரிய ஆளுக வருவாக. நெய்ப்பந்தம் எம் பையன் பிடிச்சுக்கிடுவான். அப்பாவும் அதத்தான் விரும்புவாரு.”

“அவரு முகம் நமக்குத் தெரியாதா தம்பி” என்று பொற்கொடி இரண்டாவது படத்தைக் காப்பி செய்தாள்.

மதியத்துக்குள் தளி ரோட்டுக் கடையிலிருந்து பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ் வந்து வாசலில் ஏறிவிட்டது. அதில் கீழே, காதில் செல்போனோடு பிரதாப், அப்பாவில் பாதி அளவுக்கு. மேலே வெள்ளைச்சாமி மூக்கைச் சுருக்கி, மேலுதட்டைத் தூக்கி, ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முகதல்லி ஏன் களெ!” என்று அந்த முகக்களையைக் கன்னடத்தில் வியந்தார் பக்கத்து வீட்டுத் திம்மப்பன்.

“சிங்கம்யா!” சங்கத் தலைவர் ஃப்ளெக்ஸுக்கே ஒரு கும்பிடு போட்டார்.

பந்தம் கொளுத்தும் நேரத்தில் பொற்கொடி அறைக் கதவைத் திறந்து, மகனைக் கையில் பிடித்துவந்து பேரப்பிள்ளைகள் வரிசையில் நிறுத்தினாள்.

“மதினி...” என்றான் பிரதாப். பெரிய ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

சடங்குக்காகப் பறைச் சத்தம் ஓய்ந்திருந்தது. சுபாஷ் காதுகளைப் பொத்தியிருந்த கைகளை எடுத்துவிட்டு, அண்ணாந்து ஃப்ளெக்ஸைப் பார்த்தான்.

“அருவருப்பு” என்றான், உரக்க.

எல்லோரும் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார்கள். தலைவர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். திம்மப்பன் செருப்பைத் தேடினார்.

சுபாஷ் அசையாமல் காத்துக்கொண்டு நின்றான்.

பொற்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைதட்டினாள்.