ரெண்டு பேருக்கும் ஆமாம் போட்ட போன்

கலைப்பிரியா பெருமுக்கலிலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து, அங்கிருந்து ரயிலில் விழுப்புரம் போய்ப் படிக்கிறவள். பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் ஏ.ஐ. பயிற்சி ஒன்று தொடங்கியபோது சான்றிதழ் கிடைக்கும் என்பதற்காகத்தான் பெயர் கொடுத்தாள். ஆனால் பயிற்சி நடத்திய அருள்நாதன் சார் நான்காம் வாரமே ஒரு வேலையைத் தலையில் கட்டினார்.

"உங்க வீட்டுல ஒருத்தருக்கு உபயோகப்படுற மாதிரி ஒரு ஏ.ஐ. உதவியாளர் செஞ்சிட்டு வாங்க. ஒரு வாரம் அவங்க அதைப் பயன்படுத்தணும். பேசின பேச்சு முழுக்க எனக்குக் காட்டணும். கடைசியில அவங்களே அஞ்சுக்கு எத்தனை ஸ்டார்னு போடணும்."

கலைப்பிரியாவின் அம்மா சித்ராவும் அப்பா சின்னதுரையும் ஒன்றரை ஏக்கர் கொல்லையில், ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை போட்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பயிர் பற்றிச் சொல்லும் உதவியாளர் என்று முடிவு செய்து, அது எப்படிப் பேச வேண்டும் என்ற கட்டளைகளை எழுதி, தன் பழைய போனில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

சித்ரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டதும் போனைத் திருப்பி நீட்டினாள்.

"யார்டி இவன், நிலக்கடலை, வேளாண் பெருமக்கள்னு பேசிக்கினு? ரேடியோவை முழுங்கிட்டானா?"

கலைப்பிரியா உட்கார்ந்து திருத்தினாள். நிலக்கடலைக்கு மல்லாட்டை, கேழ்வரகுக்குக் கேப்பை என்று ஊரில் புழங்கும் இருபது சொற்களை எழுதிச் சேர்த்தாள். கூடவே, 'எங்க அம்மா கோபக்காரங்க. அவங்க மனசு கோணாம பேசு' என்று ஒரு வரியும் போட்டாள்.

அந்த ஒரு வரி அற்புதம் செய்தது. மறுநாளிலிருந்து சித்ரா போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். "நல்ல புள்ளடி. மரியாதை தெரிஞ்ச புள்ள" என்றாள். கேட்காமலே ஐந்து ஸ்டார் போட்டாள். கலைப்பிரியாவுக்கு வேலை முடிந்தது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சண்டை வெடித்தது.

"நாளான்னிக்கு மல்லாட்டை புடுங்கிடலாம். ஆளுங்க இப்பதான் சும்மா கீறாங்க" என்றாள் சித்ரா.

"இன்னும் பத்து நாள் போவணும்" என்றார் சின்னதுரை.

"போனே சொல்லிடுச்சு, புடுங்கலாம்னு."

"எங்கிட்டயும்தான் சொல்லுச்சு, பத்து நாள் போவட்டும்னு."

சித்ரா போனை எடுத்து ஓடவிட்டாள். 'நீங்க சொல்றது ரொம்பச் சரிங்கம்மா. இப்பவே புடுங்கிடலாம்' என்றது அது. சின்னதுரை அதை வாங்கி, காலையில் சித்ராவுக்குத் தெரியாமல் தான் கேட்டதைத் தேடி எடுத்தார். 'உங்க அனுபவம் பேசுதுங்க ஐயா. பத்து நாள் பொறுக்கறதுதான் நல்லது.'

இருவரும் மகளைப் பார்த்தார்கள். கலைப்பிரியா ரசத்தைப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமையும் பயிற்சி வகுப்பு இருந்தது. கலைப்பிரியா அந்தப் போனையும் எடுத்துக்கொண்டு போனாள். ரயிலில் இதைச் சொன்னதும் தோழி ஆஷ்லின் இரண்டு ஸ்டேஷன் தாண்டும்வரை சிரித்தாள். திண்டிவனத்து எலக்ட்ரீசியன் மகள் அவள். அதே போனை வாங்கி, 'கேப்பை மரத்துலதானே காய்க்குது?' என்று கேட்டாள். 'அருமையான கவனிப்புங்க!' என்று தொடங்கியது பதில்.

"ஏய், இது எலக்‌ஷன்ல நிக்கலாம்டி" என்றாள் ஆஷ்லின்.

"சிரிக்காதடி. மனசு கோணாம பேசுன்னு நான்தான் எழுதினேன். அது கோணாம பேசுது. அவ்ளோதான்."

விழுப்புரம் வருவதற்குள் அந்த வரியை அழித்தாள். 'யார் சொன்னாலும் சும்மா ஆமாம் போடாதே. பதில் சொல்வதற்கு முன் கேள்வி கேள். கொல்லையில் போய்ப் பார்க்கக்கூடியதைப் பார்க்கச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்' என்று எழுதினாள். வேளாண்மை அலுவலகத்தில் முன்பே வாங்கிப் பையில் வைத்திருந்த மல்லாட்டைத் துண்டறிக்கையைப் படமெடுத்துச் சேர்த்தாள். ஆஷ்லின் தப்புத் தப்பாகப் பத்துக் கேள்வி கேட்டாள். ஒன்பதுக்கு அது மறுத்துப் பேசியது. பத்தாவதற்குத் தெரியாது என்றது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பா இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் போனை நடுவில் வைத்தாள். அது முதலில் விதைத்த தேதியைக் கேட்டது.

"பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி" என்றாள் சித்ரா.

"போகிக்கு மறுநாளு" என்றார் சின்னதுரை.

"போகிக்கு மறுநாளு பொங்கல்யா! பொங்கலன்னிக்கா விதைச்ச?"

கலைப்பிரியா தன் போனில் படங்களைத் தேடினாள். விதைப்பு நாளில் அம்மாவை எடுத்த படம் இருந்தது. ஜனவரி பதினெட்டு. காணும் பொங்கலும் முடிந்த பிறகு.

'அப்படின்னா இன்னும் தொண்ணூறு நாள்கூட முழுசா ஆகலைங்க' என்று தொடங்கிய போன், இது நூற்றைந்து நாள் ரகம் என்றால் இன்னும் இரண்டு வாரம் ஆகலாம் என்றது. நிச்சயமாகச் சொல்ல முடியாது, நாலைந்து இடத்தில் செடி பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள் என்றது.

"ரெண்டு வாரமா?" என்றார் சின்னதுரை.

"இதுக்கு இன்னா தெரியும்?" என்றாள் சித்ரா. "முந்தாநாளு வரைக்கும் நல்லா இருந்த புள்ளைய நீ இன்னாடி பண்ண?"

இரண்டு நாள் சண்டை ஒரு நொடியில் முடிந்து, கணவனும் மனைவியும் ஒரே கட்சி ஆனார்கள். போன் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே கொல்லைக்கு நடந்தார்கள். ஐந்து செடி பிடுங்கினார்கள். நாற்பது காய் உடைத்தார்கள். உள்ளே பழுப்பேறியிருந்தவை பதினாலு. மற்றதெல்லாம் வெள்ளை ஓடு, பிஞ்சுப் பருப்பு.

சித்ரா ஒரு பிஞ்சை வாயில் போட்டு மென்றாள். "சரி, இருக்கட்டும்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டாரை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்கினாள்.

"ஏம்மா? சரியாதானே சொல்லுச்சு?"

"சொல்லுச்சு. அதுக்குன்னு இஷ்டாரு போடணுமா?"

திங்கட்கிழமை எல்லோரும் நாலரை, ஐந்து என்று காட்டியபோது கலைப்பிரியா கூசிக்கொண்டே இரண்டைக் காட்டினாள். அருள்நாதன் சார் பேச்சு முழுவதையும் படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார். பிறகு போனை வாங்கி, "என் பாடம்தானே இந்தக் காலேஜிலேயே சிறந்த பாடம்?" என்று கேட்டார்.

'மத்த பாடங்களை நான் பார்க்கலைங்க. மாணவர்களைக் கேட்டுப் பார்த்தீங்களா?' என்றது போன்.

வகுப்பு பெஞ்சைத் தட்டியது. சார் காது சிவக்க முழு மதிப்பெண் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து மல்லாட்டை திரட்சியாக முற்றியிருந்தது. ஆனால் அம்மா பயந்தது போலவே ஆட்கள் வேறு கொல்லைகளுக்குப் போய்விட்டார்கள். மே தின விடுமுறையன்று சித்ரா கலைப்பிரியாவை எழுப்பினாள்.

"எழுந்திருடி ஜல்தி. வெயிட் பண்ணச் சொன்னது உன் போன்தானே? நீயே வந்து புடுங்கு. அந்தக் கூட்டாளிப் பொண்ணையும் கூப்புடு."

ஆஷ்லின் மாதா கோயில் காலைப் பூசை முடிந்து, அடுத்த பஸ்ஸில் தொப்பி போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். பத்து மணிக்குள் அவள் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து, கொத்தோடு ஒரு செடியை மடியில் வைத்து, பச்சைக் காயை உடைத்து உடைத்துத் தின்றாள்.

"நல்லாருக்குல்ல?" என்றாள் கலைப்பிரியா, முதுகைப் பிடித்தபடி.

"நல்லாருக்கு" என்றாள் ஆஷ்லின். "எனக்கு இன்னும் நாலு கொத்து கொண்டா."