பதினான்காவது கேள்வி

எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது என் மனைவி. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. ஸ்டூலின்மேல் இன்னொருவர் நிற்பதைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கால் கூசும். இப்படிப்பட்டவன் மரம் வெட்டும் கம்பெனியில் பங்குதாரன் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

கம்பெனி என்றால் மூன்று பேர். ஏறுபவள் என் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவள் 'அணில்'. கீழே நின்று கயிறு விடுவதும் விழுந்த கிளைகளை இழுத்துப் போடுவதும் அவள் தம்பி. வண்டியின் பக்கவாட்டில் அவன் கைப்பட வரைந்த அணில், பார்ப்பவர்களுக்குப் பூனையாகத்தான் தெரியும். அதைச் சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டான். நான் ஆபீஸ். ஆபீஸ் என்பது சமையலறையை ஒட்டி, துணி காயப்போடும் இடத்தில் ஒரு மேசை. போன் எடுப்பது, தேதி கொடுப்பது, கிளையை வெட்டச் சொன்னவரே வெயில் வருகிறது என்று சண்டைக்கு வந்தால் சமாளிப்பது எல்லாம் என் தலையில். முதல் ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட வேலை நடக்கும் இடத்துக்கு நான் போனதில்லை. எவ்வளவு உயரம் ஏறுவாய் என்று முதல் வருடம் கேட்டேன். ரெண்டு மாடி இருக்கும் என்றாள். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்தாவது வருடம் எங்கள் பழைய இன்சூரன்ஸ் கம்பெனி, இனி மரவேலைக்குப் பாலிசி தருவதில்லை என்று ஒரே வரியில் கடிதம் போட்டது. மாதக் கடைசி வரைதான் காப்பு. கையில் இருந்ததோ நூலகத்து மரம், எங்களுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. மரம் பாதி பட்டுப்போய், ஒரு கிளை வாசிப்பு அறையின் கண்ணாடிக் கூரைமேல் சாய்ந்து நின்றது. புது இன்சூரன்ஸ் காகிதத்தைக் கண்ணில் காட்டாமல் ரம்பத்தை வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டேன் என்று நூலகர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இரண்டு இடத்திலிருந்து ஆள் வந்தார்கள். முதலில் வந்தவர் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். ஒரே பக்கம், ஒரே கையெழுத்து. கிளை விழுந்து அடுத்தவர் சொத்து சேதமானால் உண்டு, மெஷின் திருடு போனால் உண்டு, ஆளுக்கு அடிபட்டாலும் உண்டு. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காகிதத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில், பத்து மீட்டருக்கு மேல் நடக்கும் எதற்கும் இது பொருந்தாது என்று இருந்தது. ரெண்டு மாடி பத்து மீட்டரைத் தாண்டாதே என்று நான் பேனாவைத் திறந்தேவிட்டேன். எனக்குக் கேள்வி கேட்காதவர்களைப் பிடிக்கும்.

நல்லவேளை, மறுநாள் இரண்டாவது ஆள் வருவதாக இருந்ததால் கையெழுத்தைத் தள்ளிப் போட்டேன். வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். அவர் கொண்டுவந்த படிவத்தில் பதினேழு கேள்விகள். பிரீமியமும் மற்றவரைவிடக் கூடுதல். டீயை ஆறவிட்டுவிட்டு மூன்றாவது கேள்வியிலேயே என்னைப் பிடித்தார். மிக அதிகமாக எவ்வளவு உயரத்தில் வேலை நடக்கும்? ரெண்டு மாடி என்றேன்.

"அளந்தீங்களா?"

இல்லை, மனைவி சொன்னாள் என்றேன். அவர் படிவத்தை மூடி என் பக்கம் தள்ளினார். பொய்யான உயரம் எழுதி, அதற்கு மேலே ஏதாவது ஆனால் ஒரு காசு கிடைக்காது, அளந்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் மனைவியைப் பற்றி யாரோ ஒருவர் வந்து எனக்குப் பாடம் நடத்துவதா?

அந்த வீம்பில்தான் மறுநாள் காலை, முப்பது மீட்டர் அளவு நாடாவோடு நூலகத்துக்குப் போனேன். அவள் அன்று மரத்தைப் பார்வையிட மட்டும் ஏறுவதாக இருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நாடாவின் நுனியை உன் பெல்ட்டில் கட்டிக்கொள், கீழே உருளையை நான் பிடிக்கிறேன் என்றேன். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்துவிட்டான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறுதான்.

மரத்தை அண்ணாந்து பார்த்தேன். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க நாங்கள் மூன்று பேரும் போதாது. உச்சி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அவள் ஒரு சின்ன மணல் பையை மெல்லிய நூலில் கட்டி இரண்டு முறை ஆட்டி விட்டெறிந்தாள். நான் எட்டிப் பார்க்கக்கூடப் பயப்படும் உயரத்தில், இரண்டு கிளை பிரியும் கவட்டில் அது போய் விழுந்தது. நூலைப் பிடித்துப் பெரிய கயிற்றை மேலே இழுத்து, பெல்ட்டில் கொக்கியை மாட்டி, இரண்டு முறை உலுக்கிப் பார்த்தாள். பிறகு மேலே போய்விட்டாள்.

என் கையில் உருளை சுற்ற ஆரம்பித்தது. ஐந்து மீட்டர், ஏழு. ரெண்டு மாடி வந்தது. நிற்பாள் என்று பார்த்தேன். பத்து மீட்டர் கோடு என் விரல்களுக்கு நடுவே நழுவிப் போனது, அவள் நிற்கவில்லை. நான் கண்ணை மூடவில்லை. மூட மறந்தேன் என்பதுதான் உண்மை. வீட்டில் கதவில் இடித்துக்கொள்கிறவள், டம்ளரைத் தட்டிவிடுகிறவள், அங்கே ஓர் அசைவைக்கூட வீணாக்கவில்லை. கால் வைக்கும் முன் கிளையை ஒரு சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். ஒரு கிளையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். பதினெட்டில் காற்று வந்தது. மரம் முழுக்க ஒரு பக்கம் போய்த் திரும்பியது. அவளும் அதோடு போய்த் திரும்பினாள். இந்தப் பெண்ணோடா நான் பல் துலக்கும் பேஸ்ட்டுக்குச் சண்டை போடுகிறேன் என்று நினைத்தேன். நாடா இருபத்தாறு மீட்டர் நாற்பதில் நின்றது. மேலே ஆரஞ்சு நிற ஹெல்மெட் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது.

வாசிப்பு அறையிலிருந்து ஆட்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் அது யார் என்று கேட்டார். என் மனைவி என்றேன். அந்த வார்த்தையை அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் சொன்னதில்லை.

பெருமை கொஞ்ச நேரம்தான். படிவத்தை எடுத்து உயரத்தை எழுதினேன். அப்படியே அடுத்தடுத்த கேள்விகளையும் நிரப்பிக்கொண்டே போனேன். பதினான்கில் நின்றேன். மேலே இருப்பவர் மயங்கினாலோ அடிபட்டாலோ, ஏறிப்போய் அவரை இறக்கிக்கொண்டு வரப்போகிறவர் யார்? மைத்துனன் பெயரை எழுதப் போனவன், அவனையே கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். காதுக்குமேல் போகவில்லை.

"போன வருஷம் கிளை பட்டுச்சு அத்தான். அக்கா உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

ஒரு வருடமாக அவளை இறக்க ஆள் இல்லை. என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவே இருந்தது அது ஒன்றுதான், அதை இழுத்தால் அறுந்துவிடும். அவள் இறங்கி வரும்வரை உருளையைக் கீழே வைக்காமல் நின்றேன்.

இறங்கியதும் படிவத்தை நீட்டினேன். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினான்காவது கேள்வியை மட்டும் படித்துக் காட்டினேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்தக் கேள்வி கேட்காத பாலிசியை எடுக்கலாமே என்று முணுமுணுத்தாள். அதில் பத்து மீட்டருக்குமேல் நீ கிடையாது என்றேன். அவள் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"அப்ப உங்க பேர எழுதுங்க, ஆபீசர் ஐயா."

கிண்டல்தான். நான் எழுதிவிட்டேன்.

படிவத்தை வாங்கிப் பார்த்த காப்பீட்டு அம்மாள் அன்றே போன் செய்தார். உங்களுக்கு மீட்புப் பயிற்சிச் சான்று இருக்கிறதா? இல்லை, வாங்குகிறேன், அதுவரை ஆறு மீட்டருக்குமேல் ஏறமாட்டோம் என்று எழுதுங்கள் என்றேன். வீட்டில் அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள், உங்களால் முடியாது, ஸ்டூல்கூட ஏறமாட்டீர்கள் என்று அழுதாள். முடியாவிட்டால் வேறு ஆள் தேடுவோம், ஆனால் இறக்க ஆள் இல்லாமல் இனி நீ ஏறக்கூடாது என்றேன். நூலகர் வேறு கம்பெனி பார்ப்பேன் என்றார். பார்த்தார். அந்த மரத்துக்கு யாரும் பிடிகொடுக்கவில்லை. வாசிப்பு அறையைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தார்.

பயிற்சிக்கு ஒன்பது வாரம் ஆனது. சொல்லிக் கொடுத்தது என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண். முதல் வாரம் ஒரு மீட்டரில் தொங்கிக்கொண்டு வாந்தி எடுத்தேன். மூன்றாவது வாரம், கீழே பார்க்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. ஆறாவது வாரம் நானாகவே கீழே பார்த்தேன். கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், தெருவில் நிழலோடு சேர்ந்து நடக்கும் ஆட்கள். இலைகளுக்குள் வெயில் பச்சையாக இருந்தது. பயம் போகவில்லை. பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. ரெண்டு மாடி என்று என் மனைவி சொன்னது என் பயத்துக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது மட்டும் காரணம் இல்லை என்று அன்று புரிந்தது. உண்மையைச் சொன்னால் இந்த உயரத்தை நான் அவளிடமிருந்து பறித்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள்.

தேர்வன்று, மயங்கிக் கிடப்பவருக்குப் பதிலாக மணல் மூட்டையைத் தொங்கவிடுவார்கள். மூட்டை வேண்டாம், நானே தொங்குகிறேன் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். பன்னிரண்டு மீட்டரில் கையும் காலும் துவளத் தொங்கினாள். நான் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். அவளுக்குப் பக்கத்தில் போய், அவள் பெல்ட்டை என் பெல்ட்டோடு கொக்கியில் இணைத்து, பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, அவள் கயிற்றை விடுவித்தேன். அவள் எடை முழுக்க என்மேல் வந்தது. என் தோளில் தலை சாய்ந்திருந்தது. அங்குலம் அங்குலமாக இறக்கினேன். தரை தட்டிய பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

நேரம் சரியாக இருக்கிறது, பாஸாகிவிட்டீர்கள் என்றாள் பயிற்சி கொடுத்த பெண். இவள் எழுந்திருக்கவில்லை. முடிந்துவிட்டது, எழுந்திரு என்று கன்னத்தைத் தட்டினேன்.

"தெரியுது," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "மேல இருக்கும்போது நான் கண்ண மூடினது இதான் முதல் தடவை. இப்படியே கொஞ்ச நேரம் இருக்கேன்."