ஆவுடையம்மாள் கடை ரேடியோ

தாராவியில் ஆவுடையம்மாளின் இட்லிக் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இட்லிக்காக வரவில்லை, ரேடியோவுக்காக வந்தார்கள். இது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சட்னியில் தேங்காயைக் குறைக்கவில்லை. அந்த அளவுக்கு நல்ல மனசு.

கைக்கு அடக்கமான டிரான்சிஸ்டர் அது. தோல் உறை, அதில் பொடிப்பொடியாய்த் துளைகள், இழுத்தால் நீளும் ஏரியல். கப்பலில் வேலை பார்த்த ஒருவன் ஊருக்குப் போகிற அவசரத்தில் அவள் வீட்டுக்காரர் சுயம்புவின் தலையில் கட்டிவிட்டுப் போனது. சுயம்புவுக்கு மில்லில் பகல் ஷிப்ட். ஆகவே கடையும் ரேடியோவும் ஆவுடையம்மாளின் ராஜ்யம். காலையில் சிலோன் ரேடியோவைப் பிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். முதலில் கரகர, பிறகு புரியாத பாஷையில் யாரோ யாரையோ திட்டுவது, அப்புறம்தான் தமிழ். தமிழ் வந்துவிட்டால் தட்டோடு நிற்கிறவன் மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவான்.

பாட்டு முடிந்ததும் அபிப்பிராயங்கள் ஆரம்பிக்கும். தோல் பட்டறையில் வேலை செய்யும் பிரம்மநாயகம், வானத்தில் ராக்கெட் விட்டு விட்டு மேகத்தையெல்லாம் ஓட்டை போட்டுவிட்டார்கள், அதனால்தான் ஊரில் மழையில்லை என்பார். ரேடியோவைப் பற்றியும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது.

"அது பேசுதது மட்டுமில்ல, கேக்கவும் செய்யும். இல்லாட்டி நாம கேக்க நெனச்ச பாட்டு எப்படி வே அவனுக்குத் தெரியுது?" என்பார். பட்டறை மேஸ்திரியைத் திட்ட வேண்டும் என்றால் ரேடியோ மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் திட்டுவார்.

இவரை அடக்குகிறவர் வானமாமலை. கோட்டைப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸில் பதினைந்து வருஷமாகப் பியூன். கட்டு கட்டாகக் கேஸ் காகிதங்களைச் சுமந்ததில் சட்டம் தோள் வழியாக உடம்புக்குள் இறங்கிவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. முந்தின நாள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று அவர் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

லைசென்ஸ் விஷயத்தைக் கிளப்பியதும் அவர்தான். வீட்டில் ரேடியோ வைத்தாலே தபாலாபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், கடையில் வைத்தால் அதற்குத் தனி லைசென்ஸ், இரண்டும் இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டர் வந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போவான் என்றார்.

"அப்ப ஒண்ணு எடுத்திருவமே அண்ணாச்சி" என்றாள் ஆவுடையம்மாள்.

"நல்லாச் சொன்னிய மைனி! பில் எங்கன்னு கேப்பான். கப்பல்காரன்ட்ட வாங்குனேம்பியளா? கள்ளக்கடத்தல் கேஸாயிரும்."

அதற்கு வழியும் அவரே கண்டுபிடித்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு; நடுவில் ஒரு பலகைத் தட்டி. ரேடியோவை வீட்டுப் பக்கம் வைத்து, தட்டியில் ஓர் ஓட்டை போட்டார்கள். "ரேடியோ வீட்டுல இருக்கு, சத்தம் மட்டும் கடைக்கு வருது. சத்தத்துக்கு லைசென்ஸ் கேக்க எந்தச் சட்டத்துலயும் இடமில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அன்றைக்கு இரண்டு வடை கூடுதலாகத் தின்றார்.

ஆவுடையம்மாளுக்கு ரேடியோ பறிபோகக் கூடாது என்பதற்குப் பாட்டைத் தவிர வேறு காரணம் இருந்தது. அவளுடைய தம்பி செல்லத்துரை பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு சிலோனுக்குப் போனவன். தாயும் தகப்பனும் இல்லாமல் ஏழு வயசிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. கொழும்பா, கண்டியா, என்ன தொழில், எதுவும் தெரியாது. அவளும் அதற்குப் பிறகு பம்பாய்க்கு வந்து, ஆண்டாப் ஹில்லில் இருந்து, தாராவிக்கு மாறி விட்டாள். அவனுக்கு அவள் விலாசம் தெரியாது, அவளுக்கு அவன் விலாசம் தெரியாது. ஆனால் ரேடியோப் பெட்டி இருக்கிற இடத்தில் அவன் இருப்பான் என்று மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். சின்ன வயசிலேயே பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே உட்கார்ந்து சோற்றை மறந்தவன் அவன்.

ஆகவே அவன் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அனுப்புவது என்று முடிவு செய்தாள். ரேடியோவில் பேரும் ஊரும் வாசித்தால் எங்கிருந்தாலும் அவன் காதில் விழும். எழுதிக் கொடுக்கிற வேலை, வேறு யாருக்கு, வானமாமலைக்குத்தான். தபால் கார்டில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதி, படித்துக் காட்டாமலே பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு பூராவும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அது வந்தது. இலங்கையில் இருக்கும் தம்பி செல்லத்துரைக்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கூறுபவர் அக்கா ஆவுடையம்மாள், பம்பாய் தாராவி, என்று கணீரென்று வாசித்தார் அறிவிப்பாளர். ஆவுடையம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இவருடைய கடையில் உள்ள ரேடியோவில், தினமும் நூறு பேருக்குக் குறையாமல் நமது நிகழ்ச்சியைக் கேட்டு மகிழ்வதாகவும் எழுதியிருக்கிறார்" என்று அதையும் வாசித்தார்.

ஆவுடையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கடையில உள்ள ரேடியோவா?" என்றாள் அவள். "இத எப்ப வே நான் சொன்னேன்?"

வானமாமலையின் முகம் செத்துவிட்டது. "ஒரு கெத்தா இருக்கட்டுமேன்னு கடைசி வரியில சேர்த்தேன் மைனி."

"கெத்தா! கடல் தாண்டிப் போயி வாக்குமூலம் குடுத்திருக்கீரு, என் பேருலயே!"

"நூறு சாட்சியையும் அவரே குடுத்திட்டாரு" என்றார் பிரம்மநாயகம். சமயம் பார்த்து அடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

அன்றிலிருந்து தெருவில் ஒரு கட்டுப்பாடு வந்தது. யார் வந்து விசாரித்தாலும் ரேடியோ கிடையாது, ஆவுடையம்மாள் என்று யாரும் கிடையாது. ரேடியோ அரிசி டின்னுக்குள் போயிற்று. பாட்டு நின்றது, வியாபாரம் பாதியாயிற்று. அதைவிட, தம்பி கேட்டானா இல்லையா என்ற யோசனைதான் அவளை அரித்தது. தபால்காரன் தெருவில் திரும்பும்போதெல்லாம் மாவுக் கையோடு எட்டிப் பார்ப்பாள்.

இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புத் தோல் பை, கையில் குறிப்பு நோட்டு, காதில் பென்சில். ஒவ்வொரு கடையாகப் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே வந்தார். இன்ஸ்பெக்டர் என்று எழுதி ஒட்டாத குறைதான்.

"ஏம்மா, இங்கன ஆவுடையம்மாள்னு ஒரு அம்மா. ரேடியோ வச்சிருக்கிற கடைன்னு சொன்னாக" என்றார். நல்ல தமிழ்தான். தமிழ் தெரிந்தவனாகப் பார்த்து அனுப்பியிருக்கிறான் பாவி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அவ ஊருக்குப் போயிட்டா. இனி வரமாட்டா."

"அப்படியா? ஒரு சேதி..."

"எந்தச் சேதியும் எனக்குத் தெரியாது. என் பேரு சண்முகவடிவு. நான் கடையை வாங்கி ரெண்டு வாரமாச்சு. இட்லி வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றார். இரண்டு இட்லியைத் தலை குனிந்து தின்றார், கையைக் கழுவினார், "ஆவுடையம்மாள், ஊருக்குப் போய்விட்டார்" என்று நோட்டில் எழுதினார், போனார். அவர் தெரு முனை தாண்டியதும் ஆவுடையம்மாள் டின்னைத் திறந்தாள். இனி ஒரு நிமிஷம் ரேடியோ இங்கே இருக்கக் கூடாது. ஆண்டாப் ஹில்லில் இருக்கும் பழைய பக்கத்துவீட்டுக்காரி பேராச்சி வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று கூடையில் போட்டு, மேலே துணியைப் போட்டு, கூடையை இடுப்பில் ஏற்றினாள்.

அப்போதுதான் வானமாமலை பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"தப்பிச்சோம் மைனி! முனையில என்னைப் பிடிச்சுக் கேட்டான். நான் யாரு? அப்படி ஒருத்தியே கிடையாதுன்னேன். ஆள் பலே கில்லாடி! என்ன டெக்னிக் போட்டாங்கிய? கொழும்புல அவ தம்பி செல்லத்துரை என் கடையிலதான் வேலை பாக்கான், ரேடியோவுல அக்கா பேரும் தாராவியும் கடை ரேடியோவும் மட்டும் காதுல விழுந்துச்சு, விலாசம் தெளிவா விழல, அதனால என்னைத் தேடிப் பாக்கச் சொன்னான்னு ஒரே அளப்பு! நானா ஏமாறுவேன்?"

கடையில் அந்த ஆள் "ஒரு சேதி" என்று ஆரம்பித்தது ஆவுடையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பிள்ளை தூக்கம் கலைந்து அழுதது.

"செல்லத்துரைங்கிற பேரை இன்ஸ்பெக்டருக்கு யாரு வே சொன்னா? உம்ம சட்டத்துல தீய வைக்க! எந்தப் பக்கம் போனாரு?"

"பேரு ரேடியோவுலயே..." என்று ஆரம்பித்த வானமாமலை, அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். "சயான் ஸ்டேஷன் பக்கம். சாயந்தரம் மெட்ராஸ் மெயிலாம்."

கூடையோடு ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, விட்டுவிட்டாள். பதினோரு வருஷமாகக் காத்திருந்த சேதி கடைக்கு வந்து இட்லி தின்றுவிட்டுப் போயிருக்கிறது, அதுவும் பொய்ப் பேரைக் கேட்டுக்கொண்டு! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன, எல்லாம் தன் மேல்தான்.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி! நான்தான் ஆவுடையம்மாள்! செல்லத்துரை எப்படி இருக்கான்? சொகமா இருக்கானா?"

அவர் தோல் பையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அரை மணிக்கு முன்னால சண்முகவடிவுன்னு சொன்னியேம்மா."

"பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி. உங்களை இன்ஸ்பெக்டர்னு நெனச்சு..."

"ஷாகுல் ஹமீதும்மா என் பேரு. காயல்பட்டினம். இன்ஸ்பெக்டர் மாதிரியா இருக்கேன்?" என்று அவர் பெருமூச்சு விட்டார். "கோவிச்சுக்காதே. அந்தப் பையன் என்னை நம்பி ஒரு பொட்டலம் குடுத்திருக்கான். அக்கா கையில மட்டும் குடுங்கன்னு சத்தியம் வாங்கியிருக்கான். தெருவுக்கே தெரியாத ஆள், இப்ப திடீர்னு நீதாங்கிறே. நான் எப்படி நம்புவேன்?"

நியாயமான கேள்வி. அவளிடம் பேர் எழுதின காகிதம் ஒன்றுகூட இல்லை. ரேஷன் கார்டு வீட்டில், அதுவும் சுயம்பு பேரில். இவள் போய் வருவதற்குள் வண்டி வந்துவிடும். கூடைத் துணியை இழுத்துப் போட்டு ரேடியோவை எடுத்தாள், ஏரியலை நீட்டினாள், திருகினாள். பிளாட்பாரம் முழுக்கக் கரகரவென்று இரைச்சல் கிளம்பியது.

"பாருங்க பாய்! ரேடியோ வச்சிருக்கிறவதான் ஆவுடையம்மாள்!"

ஷாகுல் ஹமீது பதில் சொல்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஹவில்தார் வந்தார்.

"ஏ அம்மா, க்யா தமாஷா ஹை? லைசென்ஸ் ஹை க்யா?"

எந்த வார்த்தையைக் கேட்டு இருபது நாளாகத் தூக்கமில்லாமல் கிடந்தாளோ, அதே வார்த்தை. இப்போது அவளுக்குப் பயமே வரவில்லை.

"நை ஹை! லிக்கோ!" என்றாள். "எழுதிக்கிடும். பேரு ஆவுடையம்மாள். புருஷன் பேரு சுயம்பு. ஊரு நாங்குநேரிப் பக்கம்." ஹவில்தார் கையில் காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. அவள் ஷாகுல் ஹமீது பக்கம் திரும்பினாள். "பாய், உங்க நோட்டுல எழுதி இவருக்குக் கிழிச்சுக் குடுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க. சாள் நம்பர் பதினேழு, ரெண்டாவது கல்லி, தாராவி, பம்பாய். கடையில ரேடியோ வச்சது நெசம். லைசென்ஸ் இல்லாதது நெசம். இருக்கது ஒரே ஒரு தம்பி. இனி என் முகத்துல முழிக்காதேன்னு சொல்லி அவனை வெரட்டுனது நான். அதையும் எழுதுங்க. ரேடியோ என்ன, என்னையே வேணும்னாலும் கொண்டுபோகச் சொல்லுங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஹவில்தார் பயந்துவிட்டார். "அரே, போஸ்ட் ஆபீஸ் மே பனாலோ நா, ரோதி காய்கோ?" என்று, தபாலாபீஸில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, அழுவானேன் என்கிற தோரணையில் முணுமுணுத்துவிட்டுக் கூட்டத்தைக் கலைக்கிற சாக்கில் நழுவினார்.

ஷாகுல் ஹமீது அவள் சொன்னதையெல்லாம் எழுதி முடித்திருந்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பையைத் திறந்தார்.

"லைசென்ஸ் இல்லேன்னு போலீஸ்கிட்ட அடுத்தவ பேருல ஒருத்தி ஒத்துக்கிடுவாளா?" என்று சொல்லி, பழுப்புக் காகிதம் சுற்றிய பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். உள்ளே ஒரு சேலையும் கடுதாசியும் இருந்தன. அவளுக்குக் கையெழுத்து படிக்க வராது. அவரே படித்தார். கல்யாணம் ஆகிவிட்டதாம். பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கிறதாம், பேர் ஆவுடையாம். அவன் ரேடியோவில் கேட்டபோது சரக்கு மூட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவில் நின்று அழுதானாம். முழு விலாசம் கிடைத்தால் தை மாசம் பெண்டாட்டி பிள்ளையோடு புறப்பட்டு வந்துவிடுவானாம்.

"சண்டாளன், எம் பேரை வச்சிருக்கான் பாருங்க" என்று அவள் சிரித்தாள், அழுதாள், சேலையை மூஞ்சியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் ஒரு வண்டி வந்து போய்விட்டது.

"சரி, விலாசம் சொல்லும்மா, எழுதிக்கிடுதேன்" என்றார் ஷாகுல் ஹமீது.

"அதான் எழுதியிருக்கியளே பாய். சாள் நம்பரெல்லாம் இருக்குல்லா? அந்தத் தாளையே கிழிச்சு அவன்ட்டக் குடுத்திருங்க."

"முகத்துல முழிக்காதேன்னு நீ சொன்னதெல்லாம் இதுல இருக்கேம்மா."

"இருக்கட்டும்" என்றாள் ஆவுடையம்மாள். "அதை நான்தான் சொன்னேன்னு ஒத்துக்கிட்டதும் இருக்குல்லா. அவன் படிக்கட்டும்."