அப்பாவின் கால் எது?

…கண்ணை மூடு என்றால் மூடிக்கொள்ள வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய கஷ்டம், பத்து வருடமாகப் பகலில் தூங்கி இரவில் வேலைக்குப் போகிற மனிதனுக்குக் கண்ணை மூடவா ஒருவன் கற்றுக்கொடுக்க வேண்டும், ஆனால் பார், சொல்லிச் செய்யும்போது இமை இரண்டும் ஒட்டமாட்டேன் என்கிறது… காளியண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் மண்டபம், முப்பது நாற்காலி, முப்பது அப்பாக்கள், அறுபது வெறுங்கால். மண்டபத்துக்கு வெளியே செம்பனை மரங்கள், உள்ளே ஒலிபெருக்கியில் புல்லாங்குழல், அதுவும் செத்த வீட்டுக்கு வாசிக்கிற மாதிரி. ஆண்பிள்ளைகளுக்கான மூன்று நாள் நற்பண்பு முகாம், இரண்டு இரவு இங்கேயே தங்கல், கைப்பேசி கிடையாது, ஐந்து மணிக்கு எழுப்பி ஓட்டம், அவனவன் தட்டை அவனவன் கழுவ வேண்டும்… இன்று கடைசி நாள். முகாமை நடத்துகிற புனிதன் சார் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பாமாருங்களே, கண்ணத் தொறக்கக் கூடாது, இருமக் கூடாது, கனைக்கக் கூடாது, ஒங்க பிள்ளைங்க கண்ணக் கட்டிக்கிட்டு வருவாங்க, காலத் தொட்டுப் பாத்தே அப்பாவக் கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்ச பிள்ள அங்கயே உக்காந்து பாத பூஜை செய்யணும் என்று சொல்லி முடித்துவிட்டார். சொல்வது சுலபம்லா. அவர் காலை யாரும் தேடப் போவதில்லை.

கண்டுபிடித்துவிடுவான். திவாகரன் கண்டுபிடித்துவிடுவான், ஏன் மாட்டான், பெற்ற மகன்தானே, பதின்மூன்று வயது, ஆறாம் வகுப்பில் ஐந்து பாடத்தில் ‘ஏ’ வாங்கியவன், ஒரு காலைக் கண்டுபிடிக்க மாட்டானா… தவிர, மற்ற அப்பாக்களுக்கு இல்லாத வசதி ஒன்று தனக்கு இருக்கிறது, இடது பாதத்தில் கட்டைவிரலுக்கு மேலே நீளமான வடு. சின்ன வயதில் தோட்டத்தில் செம்பனை மட்டையின் முள் கிழித்தது. தடவிப் பார்த்தால் பல்லி படுத்திருப்பது போல் தட்டுப்படும். அதை நம்பித்தான் காலையில் அவ்வளவு பாடுபட்டது. செரண்டா கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவுடன், நாலு பேர் முன்னால் நம் கால் நாறினால் பையனுக்குத்தானே அவமானம் என்று நினைத்து, முதலில் குளிக்கிற சோப்பு, பிறகு மனைவி மோகனா பாத்திரம் கழுவுகிற எலுமிச்சை சோப்பு, பிறகு தேங்காய் நாரை வைத்து ஒரு தேய், அப்படியும் திருப்தியில்லாமல் மோகனாவின் ரோஜாப் பவுடரை விரல் இடுக்கெல்லாம் தூவி… கண்ணாடி முன் நின்று யாராவது காலைப் பார்ப்பார்களா, அவர் பார்த்தார். மோகனாவுக்கு பேரங்காடியில் ஞாயிறு வேலை, இல்லையென்றால் சிரித்தே கொன்றிருப்பாள். என்ன இருந்து என்ன, கால் மணக்கிறது, பூட்ஸ் மணக்கவில்லை. விசேஷத்துக்குப் போடுகிற நல்ல சப்பாத்தின் அடிப்பாகம் போன கல்யாணத்திலேயே வாயைப் பிளந்துகொண்டது, சிலிப்பர் போடக் கூடாது என்று முகாம் கடிதத்தில் கறாராக எழுதியிருந்தார்கள், வேறு வழியில்லாமல் வேலைக்குப் போடுகிற பூட்ஸிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தாகிவிட்டது. இரண்டு நாளாக அது காயவும் இல்லை. கழற்றி நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்ததுதான் தாமதம், பக்கத்து நாற்காலிக் குமணன், வெள்ளைச் சட்டை, வக்கீல், கால் இரண்டும் வெண்ணெய்க்கட்டி, ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பெருவிரலால் பூட்ஸை மெல்ல முன்னால் தள்ளிவிட்டார். நாம் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலும்.

தொட ஆரம்பித்துவிட்டார்கள். வலது ஓரத்தில் யாரோ ஓர் அப்பா கூச்சம் தாங்காமல் களுக்கென்று சிரிக்க, புனிதன் சார், ஐயா, இது சிரிக்கிற நேரமில்லீங்க, ஒங்க பிள்ளையோட எதிர்காலம்ங்க என்றார். எதிர்காலம்தான். அதற்காகத்தானே அனுப்பியது. வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவதில்லை, கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான் பேச்சு, அப்பா என்று ஒருவன் வீட்டில் இருக்கிறான் என்ற நினைப்பே கிடையாது. பதிவுப் படிவத்தில் ‘உங்கள் மகனிடம் மாற வேண்டிய குணங்கள்’ என்று நாலு கோடு விட்டிருந்தார்கள், ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் உட்கார்ந்து நாலையும் நிரப்பினார். ஒன்று, வீட்டில் எந்த வேலையும் செய்வதில்லை. இரண்டு, அப்பாவின் மேல் அக்கறை இல்லை. மூன்று, கணக்கு நோட்டைக் கண்டபடி கிழித்து வீணாக்குகிறான். நாலு… நாலு என்ன எழுதினோம்? ஆ, சோம்பேறி. கையெழுத்துக்கூட அழகாக விழுந்தது அன்றைக்கு. பாத பூஜை முடிந்ததும் அதையெல்லாம் புனிதன் சார் பிள்ளைகள் முன்னால் வாசிப்பாராம், பிள்ளைகள் இனிமே செய்ய மாட்டேன்ப்பா என்று அழுவார்களாம். நல்ல ஏற்பாடு. திவாகரன் அழுது எத்தனை வருடம் ஆகிறது… அழுதானா, அழுதால் நமக்குத் தெரியுமா?

ஐயோ, கை. யாரோ காலைத் தொட்டுவிட்டார்கள். இது இல்லை, இது குண்டுக் கை, போய்விட்டது. இன்னொன்று, ஈரக் கை, இதுவும் இல்லை… இல்லைதானே? எப்படி இல்லை என்று சொல்கிறோம்? அடுத்தது. இது மெல்லிய விரல், இடது பாதத்தில் வந்து நின்றது, வடுவின் மேல் ஏறியது, நின்றது, மறுபடியும் தடவியது. வந்துவிட்டான்! சொன்னேனா இல்லையா, வடு, வடு காப்பாற்றிவிட்டது… காளியண்ணனின் மூடிய கண்ணுக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, பாழாய்ப்போன புல்லாங்குழல் வேறு. குனிந்து அந்தத் தலையில் கை வைத்தார், சட்டம் கிட்டம் எல்லாம் மறந்துபோனது, என் ராசா, அப்பா ஒன்னைய ரொம்பத் திட்டிட்டேன்டா என்றார். தலை நிமிர்ந்தது. பிறகு மிகவும் மரியாதையாக, பரவால்ல அங்கிள், நீங்க எங்கப்பா இல்ல என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தது. அங்கே குமணனின் வெண்ணெய்க் காலைத் தொட்ட மாத்திரத்தில், அப்பா! குமணன் குரலை அடக்கிக்கொண்டு, ஓமடா, நான்தான், இரு, என்றார்.

காளியண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் பார்க்கவில்லை, எல்லா அப்பாவும் கண்ணை மூடித்தானே இருக்கிறார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால்… வக்கீல் மகன் கை எப்படி நம் மகன் கை மாதிரி இருந்தது? மாதிரி என்றால், நம் மகன் கை எப்படி இருக்கும்? விரல் நீளமா, நகம் கடிப்பானா, கை சில்லென்று இருக்குமா… கடைசியாக அந்தக் கையைப் பிடித்தது எப்போது, பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் விட்டபோதா? சரி, அதை விடு, அவன்தான் நம் காலை எப்போது பார்த்தான்? காலையில் ஏழரைக்கு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது அவன் பள்ளிக்குப் போயிருப்பான். மத்தியானம் அவன் வரும்போது இவர் தலையோடு காலாகச் சரோங்கைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். சாயங்காலம் எழுந்தால் காலுறை, பூட்ஸ், கிளம்பு. ஞாயிற்றுக்கிழமையில் ஓவர்டைம். அவன் எங்கே வடுவைக் கண்டான்! இதை நம்பியா தேங்காய் நாரால் தேய்த்தோம்… அந்த வீட்டில் இந்தக் காலைப் பற்றி நினைக்கிற ஒரே ஆள் மோகனாதான். ஒவ்வொரு சாயங்காலமும் ஷிப்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால் பூட்ஸ் வேலி ஓரமாக வெயில் பார்த்து நிற்கும், நாக்கை இழுத்து விட்டு, கயிற்றைத் தளர்த்தி, உள்ளே காகிதத்தைச் சுருட்டி வைத்து ஈரம் உறிஞ்சி, மொடமொடவென்று. தொழிற்சாலைக் கேண்டீனில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார், இந்த மாதிரிப் பொண்டாட்டி ஒங்க யாருக்குடா கெடச்சிருக்கு என்று. ஒரு தடவை அதற்காகவே கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, என்னங்க திடீர்னு என்று அவள் முழித்தாள், அடக்கமான பெண். இந்த இரண்டு நாள் மட்டும் பூட்ஸ் போட்ட இடத்திலேயே ஈரமாகக் கிடந்தது. பையனை முகாமுக்கு அனுப்பிய கோபம், வாயால் சொல்லாமல் பூட்ஸில் காட்டுகிறாள், கேட்டால் வம்பு என்று இவரும் கேட்கவில்லை.

ஒற்றைக் கண்ணை, ஒரு நூலளவு, திறந்தால் என்ன. திறந்தார். வரிசையில் பாதி நாற்காலிகளுக்கு முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள், அழுகைச் சத்தம் அங்கங்கே, புனிதன் சார் ரொம்பத் திருப்தியாக மஞ்சள் தண்ணீர்ப் பேசின்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். திவாகரன் வந்துகொண்டிருந்தான். கண்ணில் முகாம் துணி, முழங்காலில் தவழ்ந்து, பக்கத்து நாற்காலி வரை வந்துவிட்டான், எப்போது இவ்வளவு உயரமானான், முதுகு எவ்வளவு நீளம்… காளியண்ணன் காலை முன்னால் நகர்த்தினார். வடு உள்ள கட்டைவிரலை ஆட்டினார். கனைக்கக் கூடாது என்றுதானே சொன்னார், விரலை ஆட்டக் கூடாது என்று சொல்லவில்லையே. கை வந்தது. சில்லென்றுதான் இருந்தது. இடது பாதம், வலது பாதம், வடுவின் மேல் ஏறி இறங்கியது, நிற்கவே இல்லை. பையன் மூக்கைச் சுளித்தான். குனிந்து மோந்தான். ரோஜாப் பவுடர்! அவன் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தான், சந்தேகமே இல்லாமல் நகர்ந்தான், அதுதான் பொறுக்க முடியவில்லை. டேய், நான்தான்டா என்று வாய் வரை வந்துவிட்டது… வந்தும் சொல்லவில்லை. சொல்லிக் கண்டுபிடித்தால் அது என்ன கண்டுபிடிப்பு. முகாமில் திருந்த வேண்டியவன் யார் என்று தெரியாமல் போய்விட்டதே, என்ன செய்தோம் இத்தனை வருடமும், சம்பாதித்தோம், சரி, வேறு என்ன செய்தோம்?

நகர்ந்தவனின் முழங்காலில் குமணன் தள்ளிவிட்ட பூட்ஸ் இடித்தது. கையால் துழாவினான். நாக்கைத் தொட்டான், கயிற்றைத் தொட்டான், அப்படியே தூக்கி மூக்கோடு வைத்து, தலை பின்னால் போக ஒரு இழுப்பு இழுத்து, ஊவே என்றான். பிறகு சிரித்தான். மூன்று நாளில் முதன்முதலாகவோ மூன்று வருடத்தில் முதன்முதலாகவோ, காளியண்ணனால் சொல்ல முடியவில்லை, அவன் சிரிப்பதைப் பார்த்தார். பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே தவழ்ந்து திரும்பி வந்து அவர் காலடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கண்கட்டை மேலே தள்ளினான்.

“எப்புடிடா கண்டுபிடிச்ச?” குரல் கீச்சென்று வந்தது.

“இந்த நாத்தம் வேற யாருக்குப்பா இருக்கு? கால்ல என்னாத்தப் பூசிட்டு வந்தீங்க, கோயில் மாதிரி மணக்குது.” பூட்ஸுக்குள் விரலை விட்டுப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான். “ஈரமாவே கெடக்கு பாருங்க. நான் ரெண்டு நாள் இல்லேன்னா யாரும் வெயில்ல வைக்க மாட்டீங்களா? பேப்பர்கூட வைக்கல. நோட்டுல தாள் கிழிச்சா மட்டும் ஏசுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. பேசினின் தண்ணீரைக் காலில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தான், பூஜை செய்கிற மாதிரி இல்லை, மோட்டார் கழுவுகிற மாதிரி, விரல் இடுக்கில் ஒட்டிய பவுடரைச் சலிப்போடு நோண்டி எடுத்தான். காளியண்ணனுக்குக் காகிதச் சுருள்கள் ஞாபகம் வந்தன, தினமும் பூட்ஸிலிருந்து எடுத்துத் தூக்கி எறிந்தது, நீலக்கோடு போட்ட தாள், பென்சிலில் பெருக்கல், சிவப்பு மையில் ஒரு சரி… பழைய தாளைக்கூட வீணாக்காத மோகனா என்று நினைத்தது, கறிபாப், ஐயோ, கறிபாப். மேசைப் பக்கம் புனிதன் சார் பச்சைக் கோப்பைத் திறந்து, சரி பிள்ளைங்களா, ஒங்க அப்பாங்க ஒங்களப் பத்தி மனசு தொறந்து எழுதியிருக்காங்க, ஒண்ணொண்ணா வாசிக்கப் போறேன், நல்லாக் கேளுங்க என்று மேல் தாளை எடுத்தார். நாலு கோடு, நாலையும் நிரப்பினோமே, பகலெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கியவன் எதைக் கண்டு நிரப்பினோம்… காளியண்ணன் வகுப்பில் பிள்ளை கையைத் தூக்குவது போல் கையைத் தூக்கினார். புனிதன் சார் ஒலிவாங்கியைத் தாழ்த்தி, சொல்லுங்கய்யா என்றார். மற்ற இருபத்தொன்பது அப்பாவும் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்கள். தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்பதா, அதில் இருப்பது பொய் என்பதா, பொய்யும் இல்லை, தெரியாமல் எழுதியது, தெரியாமல் எழுதினேன் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, முதல் வார்த்தை என்ன… கீழே திவாகரன் துண்டால் இடது காலைத் துடைத்துக்கொண்டிருந்தான், கட்டைவிரலுக்கு மேலே வந்ததும் துண்டு நின்றது. “இது என்னாப்பா காயம்?” என்று கேட்டான்.