செங்கல் நிறத்துக்கு அடியில்

என் அக்காவுக்கு என் வாயின் மேல் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. அதனால் அன்று விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நான் குடியிருப்பதும் படம் வரைவதும் ஒரே அறையில்தான். உட்கார இருப்பது ஒரே நாற்காலி. அதில் அவள் உட்காரவில்லை. தன் கைப்பையை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். மார்பில் ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு தெரிய இன்னும் பன்னிரண்டு நாள், வெள்ளிக்கிழமை.

"அம்மாவுக்குத் தெரியவே கூடாது. ஏற்கெனவே பிரஷர். கடைசியில ஒண்ணுமில்லைன்னு வந்துச்சுன்னா, ஒண்ணுமில்லாததுக்காக அம்மாவைப் படுக்கையில தள்ளின மாதிரி ஆயிடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே."

"திறக்கமாட்டேன்."

"திறந்தே, தம்பின்னு பார்க்கமாட்டேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். நான் நாற்காலியைப் பார்த்தேன். ஜிப் கெட்டுப்போய் ஊக்கு குத்திய பழைய தோல் பை. வாய் பாதி திறந்திருந்தது. உள்ளே டிபன் டப்பாவுக்கும் மடக்குக் குடைக்கும் நடுவில் ஆஸ்பத்திரிக் கவரின் ஓரம் தெரிந்தது.

அவள் என் வாயைத்தான் கட்டினாள். கையைக் கட்ட மறந்துவிட்டாள்.

நான் மனிதர்களை வரைவதில்லை. மனிதர்களின் சாமான்களை வரைகிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் முகப்படம் கிடையாது. அப்பாவுக்குச் செருப்பு, அம்மாவுக்கு மாத்திரை டப்பா, அக்காவுக்கு எத்தனையோ வருஷமாக இந்தப் பை. சாமானுக்கு அதன் சொந்த நிறத்தைக் கொடுக்கமாட்டேன், வரையும்போது என் மனசில் என்ன இருக்கிறதோ அதைக் கொடுப்பேன். நிம்மதியாக இருந்தால் செங்கல் நிறம். துக்கம் என்றால் நீலம். பயம் வந்தால் எலுமிச்சை மஞ்சள். இதை நான் யாருக்கும் விளக்கியதில்லை. பத்திரிகையில் என்னைப் பற்றி எழுதியவர் மஞ்சளை 'நம்பிக்கையின் ஒளி' என்று எழுதினார். நல்ல மனுஷன், பிழைத்துப் போகட்டும்.

ஆனால் அம்மாவுக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சேர்ந்து அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்குக் கஞ்சி கொண்டுபோகும் பிளாஸ்க்கை நான் மஞ்சளாக வரைந்து வைத்திருந்தேன். அம்மா என் அறைக்கு வந்தாள், பார்த்தாள், "டாக்டர் உன்கிட்ட என்னடா சொன்னார்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அவள் பின்னால் அக்கா நிற்பதையும் மறந்து அழுதுவிட்டேன்.

அக்கா போன பிறகு இரண்டு நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. பையை வரைந்தேன். பிரஷ் போதவில்லை, கத்தியால் மஞ்சளை அள்ளி அள்ளி அப்பினேன். எண்ணெய்ச் சாயத்தை அப்படி அப்பினால் மேலே தோல் கட்டும், உள்ளே மாதக் கணக்கில் ஈரமாகவே இருக்கும். படத்தை யாருக்கும் காட்டாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க வந்த மேடம், திருப்பி வைத்ததைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். ஓவியக்கூடம் அவருடையது. "இதுதான் நடுச் சுவருக்கு. அழைப்பிதழ்லயும் இதையே போட்டுடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். "ஏன்?" என்றார். ஏன் என்று சொல்ல முடியாதே! திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். சரியென்று தலையை ஆட்டினேன்.

கண்காட்சி புதன்கிழமை. அதாவது முடிவு தெரிவதற்கு இரண்டு நாள் முன்னால். செவ்வாய்க்கிழமை மாலை அம்மா போன் செய்தாள்.

"கார்டு வந்துச்சுடா. இது அக்கா பைதானே?"

"ஆமாம்மா."

"கறுப்பு வெள்ளையில அச்சடிச்சிருக்காங்க. நீ என்ன கலர் அடிச்சிருக்கே?"

சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது.

"செங்கல் கலர்" என்றேன்.

"அப்ப சரி." மூச்சு வெளியே வந்தது. "ஒரு வாரமா அவ சரியாவே சாப்பிடறதில்லை. அதான் கேட்டேன்."

போனை வைத்தேன். பொய் சொல்லியாகிவிட்டது, இனி படத்தைச் செங்கல் நிறமாக ஆக்கித்தானே தீரவேண்டும்?

புதன்கிழமை காலை கூடத்தைத் திறந்ததும் உள்ளே போனேன். வாட்ச்மேனிடம், "சின்ன டச்சப்" என்றேன். ஈர மஞ்சளின் மேல் எண்ணெய்ச் சாயம் பூசினால் இரண்டும் குழைந்து சேறாகும். சாயங்காலத்துக்குள் காயவும் காயாது. அரை மணியில் காய்வது தண்ணீர்ச் சாயம், அக்ரிலிக். ஆனால் எண்ணெய் மேல் தண்ணீர் நிற்காது. காய்ந்ததும் வெடித்து உரியும். எங்கள் தொழிலில் முதல் நாள் பாடமே அதுதான். இதே தப்பைச் செய்த நண்பனை நான் ஊர் சிரிக்கக் கேலி செய்திருக்கிறேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். என் கை நுழைந்துவிட்டது, வெளியே எடுக்கத்தான் வழி இல்லை. சாயங்காலம் கூட்டம் இருக்கிற இரண்டு மணி நேரம் தாங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டே பையை முழுக்கச் செங்கல் நிறத்தால் மூடினேன்.

ஐந்து மணிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. அக்கா ஆபீஸ் முடித்து ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா முன்னாலேயே டாக்சியில் தனியாக வந்து இறங்கினாள். ஏசி ஆகாது என்று சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். மூட்டு வலிக்காரி, பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. நாற்காலி போட்டேன்.

"உட்காரவா வந்தேன்? படம் பார்க்க வந்தேன்" என்று முதல் படத்திலிருந்து தொடங்கினாள்.

நான் நடுச் சுவருக்குப் போனேன். படத்துக்கு நேர் மேலே விளக்கு, அனல் கழுத்தில் பட்டது. பையின் கைப்பிடிக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நிழல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் அது இரண்டாகக் கிளை விட்டது. அம்மா மூன்றாவது படத்தில் இருந்தாள். யாரோ வந்து கை குலுக்கினார். என்ன கேட்டார், என்ன சொன்னேன், எதுவும் நினைவில் இல்லை. அம்மா நாலாவது படத்துக்கு வந்தபோது பையின் வாயருகே ஒரு செதில் சுருண்டு எழுந்து நின்றது. அதற்கு அடியில் நகக்கண் அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். செதில் விரலோடு வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

"நகருடா, மறைக்கிறே" என்றாள் அம்மா, பின்னாலிருந்து.

நகர்ந்தேன். வேறு என்ன செய்ய?

அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, கட்டை விரலில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷர் மாத்திரை போட்டாளா, இங்கேயே விழுந்துவிடுவாளா, விழுந்தால் எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்றெல்லாம் மனசு ஓடியது.

"பெரிசா ஏதாவதா?" என்றாள் மெதுவாக.

"இன்னும் தெரியலைம்மா."

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

அவள் விழவில்லை. சுவரில் ஒரு கையை மட்டும் ஊன்றிக்கொண்டாள். "என்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாளா?"

தலையசைத்தேன்.

"அப்ப நீ சொல்லலை. நானும் பார்க்கலை. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அவ வீட்டுல சிரிச்சுக்கிட்டுத் திரியறா. அந்தத் தெம்பைக் கெடுத்துடாதே." வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "மணி என்ன? அவ வர்றதுக்குள்ள ஒட்டுடா இதை!"

"ஒட்டாதும்மா. இன்னும் உரியும்."

"இத்தனை வருஷமா இதைத்தான் படிச்சியா?" என்று பல்லைக் கடித்தாள். பிறகு சால்வையை இழுத்துப் போர்த்தி, திரும்பி, படத்துக்கு முதுகைக் காட்டி, பையின் வாய் இருந்த இடத்தைத் தோளால் மறைத்து நின்றுகொண்டாள்.

அப்படியே ஒன்றரை மணி நேரம் நின்றாள். ஆறு மணிக்கு அக்கா வந்தாள், அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. வந்ததும் என் காதருகே, "அம்மாகிட்ட ஒண்ணும் உளறலையே?" என்றாள். "இல்லை" என்றேன். அம்மாவின் கணக்குப்படி அது உண்மை என்பதுதான் வேடிக்கை. மேடம் இரண்டு முறை வந்து நாற்காலி வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டார். "இங்கதான் காத்து நல்லா வருது" என்றாள், ஏசிக்குப் பயந்து சால்வை போர்த்தியவள். முட்டி வலியில் அவள் கீழுதடு மடிந்து மடிந்து வந்தது. நான் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடம் இளித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்த ஒரு மாலை கிடையாது.

"இந்தப் படம் அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல. நகரவே மாட்டேங்கறாங்க" என்று அக்கா சிரித்தாள்.

"பின்னே? என் பொண்ணோட பையாச்சே" என்றாள் அம்மா.

கூட்டம் கலைந்து விளக்கை ஒவ்வொன்றாக அணைத்தபோது அம்மா அந்த இடத்தை விட்டு நகர்ந்து, வாசலைப் பார்த்து நொண்டி நொண்டி நடந்தாள். பின்னால் அக்கா. நான் கடைசி. அப்போதுதான் பார்த்தேன்: சாம்பல் நிறச் சால்வையின் பின்பக்கம், வலது தோளில், உள்ளங்கை அகலத்துக்கு ஈர மஞ்சள் அப்பியிருந்தது. செங்கல் நிறச் செதில்கள் இரண்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தன.

அக்காவும் பார்த்துவிட்டாள். நின்றாள். திரும்பி நடுச் சுவரைப் பார்த்தாள். அங்கே அவள் பையின் வாய் முழுக்க மஞ்சள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் வேகமாக நடந்து அம்மாவைப் பிடித்தாள். "சால்வை நழுவுதும்மா" என்று சொல்லி அதை எடுத்து, கறை உள்ளே போகும்படி மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஊக்கைக் குத்த அவளுக்கு நாலைந்து தரம் முயற்சி வேண்டியிருந்தது.

"அம்மா."

"என்னடி?"

"வெள்ளிக்கிழமை நான் ஒரு இடத்துக்குப் போகணும். நீயும் கூட வர்றியா?"

எங்கே என்று அம்மா கேட்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் வலது காலை வைத்தாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.