பரணா, தூளியா

வெண்டல் க்ராஸுக்கு நாற்றம் பழகிப்போன ஒன்று. விஸ்கான்சினின் வடக்கே வீடு வீடாகப் போய்க் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்கும் லாரி அவனுடையது. தொட்டி மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றே சாண்ட்விச் தின்பான். அப்படிப்பட்டவன் அந்த அக்டோபர் மதியம் தன் பரணுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தான்.

மாமனார் விட்டுப்போன ஓக் காடு அது. இலையுதிர் காலத்தில் வெண்டலும், மனைவியின் தம்பி ரஸ்ஸும், அவள் தங்கை டார்லாவும் அங்கே வில்லோடு மானுக்குக் காத்திருப்பார்கள். ஆண்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பரண்: மரத்தோடு கட்டிய இரும்பு ஏணி, உச்சியில் ஓர் இருக்கை. டார்லாவுக்கு அது கிடையாது. இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை, அதிலிருந்து மரத்துக்கு ஒரு கயிறு. மேலே ஏறி மரத்தண்டில் காலை ஊன்றிச் சாய்ந்து தொங்குவாள். வேட்டை முடிந்ததும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவாள்; மறுநாள் வேறு மரம்.

"பாப்பா தூளியில ஏறிடுச்சு. யாராவது தாலாட்டுங்கப்பா" என்பான் ரஸ். வெண்டலும் சேர்ந்து சிரிப்பான்.

ஆனால் இந்த வருடம் வெண்டலின் பரண் பக்கம் ஒரு மான்கூட வரவில்லை.

"நீ எங்க உக்காருவேன்னு மானுக்கெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு வெண்டல். ஒரு நாள் என்னோடத மாட்டிப் பாரேன்" என்றாள் டார்லா.

பட்டையைக் கையில் வாங்கினான். வியர்வையும், மானை இழுக்கத் தெளிக்கும் மான் மூத்திரமும் கலந்த வாடை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பரணை இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றுதான் அந்த அக்டோபர் மதியம் காட்டுக்குப் போனான். இருக்கையில் யாரோ உட்கார்ந்து போயிருந்தார்கள். புகையிலை எச்சில் பாதி நிரம்பிய பாட்டில் ஒன்று கயிற்றில் தொங்கியது. காற்று திரும்பியபோது வேறொரு நாற்றம் வந்தது. இறங்கித் தேடினான். விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மான். வயிறு பச்சையாக ஊதி, அம்பு துளைத்த இடத்தில் புழுக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அம்பின் இறகு ஆரஞ்சும் வெள்ளையும். ரஸ் தன் கையால் ஒட்டுகிற நிறம்.

வெண்டல் போனபோது ரஸ் தன் வீட்டு வாசலில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான்.

"என் பரண்ல உக்காந்தியா?"

"சும்மாதானே கெடந்துச்சு மச்சான்."

"மானை அடிச்சியா?"

ரஸ் விரலில் ஒட்டிய கடுகு விழுதை நக்கினான். "வயித்துல பட்டுருச்சு. சின்னப் பொட்டை. இருட்டிக்கிட்டு வேற வந்துச்சு. எங்கயாச்சும் போய்ச் செத்திருக்கும்."

"எங்கயும் போகல. பரணுக்குப் பின்னாடியே கெடக்கு. உடனேயும் சாகல. சுத்தி மண்ணையெல்லாம் காலால உழுது வச்சிருக்கு. நீ இறங்கிப் பாத்திருந்தா போதும்."

"நரி தின்னுட்டுப் போவுது. பீ லாரி ஓட்டுறவனுக்கு இவ்ளோ அருவருப்பா?" ரஸ் சிரித்தபடி ஒரு சாசேஜைக் குத்தி நீட்டினான். "இந்தா, தின்னு."

கொழுப்பு சொட்டியது. வெண்டல் அதையும், அந்தச் சிரிப்பையும் பார்த்தான். போய் லாரியில் ஏறிக்கொண்டான்.

மறுநாள் டார்லாவும் அவனும் மானைப் புதைத்தார்கள். பிறகு அவன் ஏணியைக் கழற்ற ஆரம்பித்தான்.

"அவன்மேல கோவம்னா அவன்கிட்ட காட்டு. ஏணி என்ன பண்ணுச்சு?" என்றாள் டார்லா.

"அதுல இனிமே உக்கார முடியாது. குமட்டுது. ஒன்னோடத குடு."

தூளி சொகுசாக ஒன்றும் இல்லை. முதல் நாள் கயிறு சுழன்று மூக்கு மரப்பட்டையில் உரசியது. இடுப்பு கன்றிப்போனது. ஒரு மணி நேரத்தில் கால் மரத்து, டார்லா பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது. ஆனாலும் தனக்கென்று ஒன்று வாங்கினான். நவம்பரில் ஒரு கிடா மான் கிட்டத்தில் வந்தது. நெஞ்சு தெரியும்வரை காத்திருந்து எய்தான். பத்தடி ஓடுவதற்குள் அது விழுந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில் குடும்பமே கூடும் நன்றி நாள் விருந்தில் ரஸ் அந்தக் கறியைத் தட்டில் குவித்துக்கொண்டான். "இப்போ தூளியில ரெண்டு பாப்பா" என்று வாய் நிறைய மென்றபடி சொன்னான். யாரோ சிரித்தார்கள். வெண்டல் தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்று சாப்பிட்டான்.