சண்முகவடிவுக்குப் போட்ட மாலை

அக்காவின் முகத்தை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும். நாகலெட்சுமி அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகாமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதற்கு வேறு காரணம் இல்லை.

அக்கா சண்முகவடிவு நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லய வரிசை வீடொன்றில் பிறந்து, சங்க இலக்கியம் படித்துப் பேராசிரியையானவள். அந்தத் தோட்டத்தில் அவளுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. கொரோனாக் காலத்தில் கொழும்பில் செத்துப்போனாள். ஊரடங்கு; பஸ் இல்லை. பெட்டியைத் திறக்காமலே எரித்துவிட்டார்கள். நாகலெட்சுமி அன்றைக்கும் அழவில்லை, இன்றுவரை அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று லயமே பேசியது. பேசுகிற வாயை யார் மூடுவது? அழுகை வந்தால்தானே அழ.

பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குச் சிலை வைப்பதென்று முடிவானது. சிலை செய்ய வந்த ஆண்டியப்பன் அக்காவின் படங்களைப் பரப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எல்லாம் நேர்முகம். பக்கவாட்டில் ஒன்றுகூட இல்லை.

“நீங்க கூடப்பொறந்தவங்கதானே, ஒரே சாடை. கொஞ்சம் ஒக்காருங்கம்மா.”

நாகலெட்சுமியும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்தாள். அக்காவுக்காக உட்கார மாட்டாளா, என்ன?

திறப்பு விழாவில் சிலையின் துணியை விலக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. அச்சு அசல் அவங்கதான் என்றார்கள், அக்காவைப் பார்த்தே இராதவர்களும்.

நாகலெட்சுமி கிட்டே போனாள். சிலையின் முன்தலையில், வகிட்டுக்குக் குறுக்கே, ஒரு பள்ளம். கொழுந்துக் கூடையின் கயிறு வருஷக்கணக்கில் அழுத்தி விழுந்த பள்ளம். அக்கா கூடை சுமந்ததே இல்லை. படிக்கிற பிள்ளையென்று அம்மா சுமக்க விடவில்லை, இவள்தான் சுமந்தாள். பள்ளம் தெரிந்தபிறகு மற்றதும் தெரிந்தது. தாடை, காது, வாயோரச் சுருக்கம், எல்லாம் இவளுடையது. அக்கா அங்கே இல்லவே இல்லை.

தன் முன்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“குடும்பத்து சார்பா நீங்க போடுங்கம்மா,” என்று பள்ளிக்கூட அதிபர் மாலையை நீட்டினார்.

மகள் பிரியந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்மா. அது ஒங்க மொகம். உசுரோட இருக்கறவங்களுக்கு இப்படி மாலை போடக் கூடாது.”

“பெரியம்மா பேருதானே எழுதியிருக்கு,” என்று சொல்லிவிட்டு நாகலெட்சுமி மாலையைப் போட்டாள். யாரோ ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள்.

லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் பிரியந்திதான் அழுதுகொண்டு வந்தாள். “அவருகிட்ட சொல்லி மாத்தச் சொல்லுவோம்மா.”

“அவருமேல என்ன குத்தம்? பாத்த மொகத்தச் செஞ்சாரு. அவ மொகத்த நான்ல பாக்கல.”

கண் அப்போதும் வறண்டுதான் இருந்தது. விடிந்ததும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.